இரண்டாவது அடியைத் தடுக்க முடியும்

2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் பந்தை எடுக்கப் போகையில் அர்ஜென்டினா வீரர் ஒருவரின் தோள் அவர் முகத்தில் பலமாக இடித்தது. விழுந்தார், எழுந்தார், மறுபடி ஆடத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், "இதுதான் இறுதி ஆட்டமா?" என்று கேட்டிருக்கிறார். நடுவர் அதை ஜெர்மனி அணியின் காதில் போட்டார். 31-வது நிமிடத்தில் கிராமரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அடிபட்டதற்கும் வெளியே வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய கால் மணி நேரம். தான் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாத ஒருவர், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தார்.

புதிதாக வரும் கோச்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன். அத்தனை கேமராக்களும் மருத்துவர்களும் இருந்த இடத்திலேயே இது நடந்திருக்கிறது என்றால், விசில் ஊத ஒருவரும் முதலுதவிப் பெட்டியோடு நானும் மட்டும் இருக்கும் மைதானத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும்.

நான் விளையாட்டு பிசியோ. சிறுவர், இளையோர் அணிகளோடுதான் வேலை. பெரும்பாலும் கால்பந்து, இடையிடையே கிரிக்கெட். தொடை பிடித்துக்கொள்வது, கணுக்கால் பிசகுவது, முட்டி வீங்குவது எல்லாம் என் அன்றாடம். இவற்றுக்காக ஒருவனை உட்கார வைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பையன் நொண்டுகிறான், எல்லாருக்கும் தெரிகிறது. தலையில் அடிபட்டவனை உட்கார வைத்தால் மட்டும் வாக்குவாதம் வந்துவிடும். "நல்லாத்தானே நிக்கறான் மேடம்?" என்பார்கள். நிற்கிறான்தான். மண்டைக்குள் நடப்பது நிற்பதில் தெரியாது.

மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தலை வெடுக்கென்று திரும்பினாலோ சட்டென்று நின்றாலோ மூளை அதே வேகத்தில் நிற்பதில்லை. உள்ளே சற்று முறுக்கிக்கொள்கிறது. நரம்புச் செல்களின் நீளமான இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் கலவரத்தைச் சரிசெய்ய மூளைக்கு ஏகப்பட்ட சக்தி தேவை. அதே சமயத்தில் அங்கே போகும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. செலவு எகிறி வரவு விழுந்துபோன குடும்பம் மாதிரி சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள், மூளை தத்தளிக்கிறது. பந்தோ முழங்கையோ நேராகத் தலையில் படவேண்டும் என்றுகூட இல்லை. நெஞ்சில் இடி வாங்கித் தலை குலுங்கினாலே போதும்.

மூளை அதிர்ச்சி, கன்கஷன் என்று சொல்வது இதைத்தான். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. ஸ்கேன் விஷயமும் அப்படித்தான். சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க. கன்கஷன் அதில் தெரியாது. "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடலாம்ல?" என்று அப்பாக்கள் கேட்கும்போது நான் பொறுமையாகச் சொல்வது: உங்கள் மகனுக்கு உள்ளே ரத்தம் கசியவில்லை, அது பெரிய நிம்மதி, அவன் ஆடலாமா என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

அப்படித் தத்தளிக்கும் நாட்களில் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும்? என் கவலையெல்லாம் அங்கேதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் ஸாக்கரி லைஸ்டெட் என்ற 13 வயதுப் பையன், அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஒருவரை ஒருவர் மோதி ஆடும் வேறு விளையாட்டு) ஆட்டத்தில் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு தலையில் அடிபட்டான். சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளையில் ரத்தக்கசிவு. அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவே மாதக்கணக்கில் ஆனது. அவன் குடும்பம் ஓயாமல் போராடி 2009-ல் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே இளம் வீரரை வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதிக்கும்வரை திரும்பக்கூடாது என்பதுதான் அதன் சாரம். 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

முதல் அடியை எப்போதும் தடுத்துவிட முடியாது. விளையாட்டு என்றால் மோதல் இருக்கும். அந்த இரண்டாவது அடி அப்படி இல்லை. அது விழ வேண்டுமென்றால் யாரோ ஒருவர் பையனை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும்.

அந்த முடிவை அடிபட்டவனிடம் விடவே கூடாது. அவன் பொய் சொல்வான் என்பதற்காக மட்டுமல்ல, அவனால் சரியாகச் சொல்லவே முடியாமல் போகலாம். போன சீசனில் ஒரு கோல்கீப்பர், கார்னரில் வந்த பந்துக்குத் தாவும்போது எதிரணிப் பையனின் முழங்கால் கன்னத்தில் பட்டு விழுந்தான். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்துப்போகிறதா என்று முதலில் பார்த்தேன்; கழுத்தில் சந்தேகம் இருந்தால் யாரையும் எழுப்பவே கூடாது. அது சரியாக இருந்தது. பிறகு மேடக்ஸ் கேள்விகள் எனப்படும் அந்த ஐந்தையும் கேட்டேன். இது எந்த மைதானம்? இப்போது எந்தப் பாதி? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன வாரம் எந்த டீமோடு ஆடினோம்? ஜெயித்தோமா? ஐந்துக்கும் டக் டக்கென்று பதில் வந்தது.

"பதில் எல்லாம் கரெக்டா சொல்றான் மேடம், இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு," என்றார் கோச்.

பையன் கையுறையைச் சரிசெய்துகொண்டே என்னிடம் கேட்டான், "ஸ்கோர் என்னக்கா?" சொன்னேன். வாட்டர் பாட்டிலை வாங்கிக் குடித்தான். "ஸ்கோர் என்னக்கா இப்போ?" என்றான். மறுபடி சொன்னேன். எழுந்து நின்றான், கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான், மூன்றாவது முறையும் அதையே கேட்டான். கோச் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். அதற்குமேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அவரே கைதட்டி மாற்றுக் கீப்பரைக் கூப்பிட்டார். பையன் மட்டும் "ஒண்ணும் இல்லக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அழுதுகொண்டே வந்தான். அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

கேள்விகளில் ஒன்று தவறினாலும் வெளியே என்பது விதி. ஐந்தும் சரியென்றால் உள்ளே போகலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கண் வெறித்துப் பார்ப்பது, தள்ளாடுவது, கீழே கிடக்கும்போது அசையாமல் கிடந்தது, வெளிச்சம் கூசுகிறது என்பது, குமட்டல், காரணமில்லாத அழுகை, "ஒரு மாதிரியா இருக்கு" என்ற ஒற்றை வாக்கியம், எது இருந்தாலும் போதும். மருத்துவம் படிக்காதவர்களும் பயன்படுத்தவென்றே கன்கஷன் ரெகக்னிஷன் டூல் 6 என்று ஒரு அட்டை இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும். அதை ஒவ்வொரு கோச்சும் தன் கிட் பேக்கில் வைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அறிகுறி உடனே வரும் என்றும் நம்ப முடியாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அப்போது அவர் 80 ரன். வெளியே போய்ப் பரிசோதனைகளில் தேறித் திரும்பி வந்து 92-ல் அவுட் ஆனார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. ஐ.சி.சி. அந்த மாதம் 1-ம் தேதிதான் கன்கஷன் மாற்று வீரர் விதியைக் கொண்டுவந்திருந்தது. அதன்படி அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர். அந்த விதியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஒருவரை வெளியே எடுத்தால் அணி பத்துப் பேரோடு தவிக்கும் என்றிருந்தவரை மருத்துவர் மீது விழுந்த அழுத்தம் வேறு. இப்போது பதிலுக்கு ஒருவர் வருகிறார். கால்பந்திலும் 2021 முதல் கன்கஷனுக்கென்று தனி மாற்று வீரர் முறையைச் சோதித்தார்கள்; இன்று அதை விரும்பும் போட்டிகள் எடுத்துக்கொள்ளலாம். சிறுவர் போட்டிகளை நடத்துகிறவர்கள் இதை எழுதி வைக்கச் செலவே இல்லை.

வெளியே எடுத்த பிறகு? இருட்டறையில் ஒரு வாரம் படுக்க வைக்கும் பழைய வழக்கம் போய்விட்டது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொல்வது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, வீட்டுக்குள் நடமாடலாம், செல்போன், டி.வி. குறைவாக. பிறகு மெதுவான நடை, சைக்கிள். அப்புறம் தனியாக ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, டாக்டர் பார்த்துச் சம்மதித்தால் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள். பாடப் புத்தகத்துக்குத் திரும்புவது மைதானத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் வர வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூட ஆகலாம், அது சகஜம். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் என்று ஏதாவது வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்த அடிகள் பற்றி. இனிச் சொல்லப்போவது யாரும் கவனிக்காத சின்னச் சின்ன அடிகள் பற்றி. என்னைக் கேட்டால் இதுதான் இன்னும் முக்கியம்.

குத்துச்சண்டை வீரர்களின் தடுமாற்றத்தைப் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதினார். அது குத்துச்சண்டையோடு நின்றுவிடும் என்று வெகுகாலம் எல்லாரும் இருந்துவிட்டார்கள். 2002-ல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக் வெப்ஸ்டர் 50 வயதில், மனம் சிதைந்த நிலையில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது டௌ என்ற புரதம் அங்கங்கே திரண்டு கிடந்தது. அதை 2005-ல் வெளியிட்டார். இன்று சி.டி.இ. என்று அழைக்கப்படும் நோய் அது. உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகக் கண்டறிய வழியில்லை. இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110-ல் அது இருந்தது. இந்த எண்ணை வைத்துப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மூளைகள் பெரும்பாலும், ஏதோ சரியில்லை என்று கவலைப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை. விளையாடிய எல்லாருக்கும் இதே கதி என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

எனக்கு அதைவிட அழுத்தமாகப் படுவது ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆய்வு. கிளாஸ்கோவின் வில்லி ஸ்டூவர்ட் குழு, 7,676 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டது. இதய நோயில் இறந்தவர்கள் வீரர்களில் குறைவு. ஆனால் மூளை சிதையும் நோய்களால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு, யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டிஃபெண்டர்களிடம் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. காலமெல்லாம் பந்தைத் தலையால் முட்டித் திருப்பியவர்கள் அவர்கள்தான். இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டல் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, பந்தைத் தலையால் முட்டிய தொழிலே அவர் மரணத்துக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார்.

ஒரு ஹெட்டரால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. தலைகூட வலிக்காது. அது வருடக்கணக்கில் சேர்வதுதான் பிரச்சினை. எங்கே அதிகம் சேர்கிறது என்று யோசித்தால், ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் பயிற்சி மூன்று நான்கு நாள். வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு இருபது முப்பது என்று பந்தைத் தூக்கிப் போட்டு முட்டச் சொல்லும் கோச்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்தால் ஆட்டத்தின் அழகில் எதுவும் குறையப்போவதில்லை. நாம் ஆடும் இதே கால்பந்தை அமெரிக்காவில் நடத்தும் சம்மேளனம் 2015-லேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெட்டிங்கையே நிறுத்தியது. இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களே பயிற்சியில் பலமான ஹெட்டரை வாரத்துக்குப் பத்துக்குள் வைக்க வேண்டும் என்று 2021-ல் வழிகாட்டினார்கள். வளர்ந்தவர்களுக்கே பத்து என்றால் வளரும் பிள்ளைக்கு முப்பது எதற்கு?

மற்ற விளையாட்டுகளிலும் இதே பாடம்தான். ஆம்ஸ்டர்டாம் அறிக்கையில் தொகுத்திருக்கிறார்கள்: ஐஸ் ஹாக்கியில் சிறுவர்கள் உடம்பால் இடிப்பதைத் தடைசெய்த இடங்களில் ஆட்டங்களில் கன்கஷன் 58 சதவீதம் குறைந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியில் மோதலைக் கட்டுப்படுத்தியபோது பயிற்சியில் வரும் கன்கஷன் 64 சதவீதம் குறைந்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதன் பக்கத்தில் வரவில்லை. பல்லுக்குப் போடும் மவுத்கார்டு ஐஸ் ஹாக்கியில் 28 சதவீதம் குறைத்திருக்கிறது, நல்லது, போடட்டும். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், கிரிக்கெட்டில் அது இல்லாமல் மட்டையைத் தொடவே கூடாது. ஆனால் உள்ளே மூளை முறுக்கிக்கொள்வதை ஹெல்மெட்டால் நிறுத்த முடியாது. புது ஹெல்மெட் வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

என் அணிகளில் ஒவ்வொரு வார்ம்-அப்பிலும் கழுத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டேன். நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையை முன்னால் தள்ள வேண்டும், கை விடாமல் தடுக்க வேண்டும். தலை அசையவே கூடாது. அதேபோல் பின்பக்கம், இரண்டு பக்கமும். அதோடு ஒற்றைக் காலில் சமநிலை, தாவி இறங்குதல். ரக்பியில் இப்படிப்பட்ட வார்ம்-அப்பைத் தவறாமல் செய்த அணிகளில் கன்கஷன் கணிசமாகக் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு நான் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வைக்கிறேன். ஒரே விதியில் ஆடும் விளையாட்டுகளில் ஆண்களைவிட அவர்களுக்குக் கன்கஷன் அதிகம் பதிவாகிறது. ஹெட்டிங் சொல்லிக்கொடுக்கும்போது லேசான பந்து, கையால் மெதுவாக எறிந்த பந்து, அதுவும் சில தடவை மட்டும்.

சீசன் தொடங்கும் முன் கோச், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் ஒருவரை வெளியே எடுக்கச் சொல்லலாம். உள்ளே அனுப்பும் உரிமை கோச்சுக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, டாக்டருக்கு மட்டும். அன்று இரவு யார் அவனைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுவரை அதில் இருக்கும். ஆட்டம் சூடாக இருக்கும்போது இதைப் பேசவே முடியாது. அதனால்தான் ஆட்டமே இல்லாத நாளில் பேசிவிடுகிறோம்.

பிள்ளைகளிடம் தனியாகவும் பேசுவேன். கனடாவில் 2013-ல் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது ரக்பி கேப்டன், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தாள். தனக்குக் கன்கஷன் இருக்குமோ என்று இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் விஷயம் வந்து சேரவில்லை. 2018-ல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரில் சட்டம் இயற்றியது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் என் பிள்ளைகளுக்கு என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். டீமில் யாராவது "தலை ஒரு மாதிரியா இருக்குடா, யார்கிட்டயும் சொல்லிடாத" என்றால் எனக்கு ஒரு மெசேஜ் போடு, யார் சொன்னது என்று வெளியே வராது என்று சொல்லியிருக்கிறேன். சில சமயம் இரவு பத்து மணிக்கு மேல் வரும். "அக்கா, அவனுக்கு நேத்துலேர்ந்து தலைவலி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பையன் வீட்டுக்குப் போன் செய்வேன்.